இறக்கி வைத்த பெட்டி

சடையா,

சேந்தமங்கலத்துத் தபாலாபீஸுக்கு எதிரில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருப்பார், மூக்குக்கண்ணாடியை நூலால் காதோடு கட்டியிருப்பவர், உனக்கும் தெரிந்தவர்தான். உன் அப்பன் சொல்லச் சொல்ல அவர் இதை எழுதுகிறார். நேற்று விடிந்ததும் மலையிலிருந்து இறங்க ஆரம்பித்தேன். முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. காரவள்ளி அடிவாரத்தில் ஒரு வண்டிக்காரன் வீட்டில் படுத்துக் கிடந்துவிட்டு இன்று காலையில்தான் வந்து சேர்ந்தேன். எல்லாரும் சுகம் என்று முதலில் எழுதவேண்டுமாம், கடிதத்துக்கு அது முறையாம். உன் அம்மா சுகம். பசு சுகம். உன் கடிதத்தைக் கேட்ட நாளிலிருந்து நான் சுகமாக இல்லை.

உன் கடிதம் சோளக்காட்டுச் சந்தையன்று வந்தது. தேன் வாங்க வரும் செட்டியார்தான் படித்துக் காட்டினார். மூன்று தரம் படிக்கச் சொன்னேன். மூன்றாம் தரம் அவர் சலித்துக்கொண்டு, "ஏனுங்க கவுண்டரே, மனப்பாடம் பண்ணப் போறீங்களா?" என்றார். எழுத்துத் தெரியாதவனுக்கு மனசுதானே காகிதம். நீ எழுதியதை இப்போதும் ஒரு சொல் விடாமல் சொல்வேன். நாகப்பட்டணத்திலிருந்து பினாங்குக்குப் போகிற பெரிய கப்பலுக்கு ஆளுக்கு முப்பத்தொரு ரூபாய், ஆறு நாள், இரண்டு வேளைச் சோறும் குடிதண்ணீரும் உண்டு. சரக்குக் கப்பலுக்கு ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய், நடுவில் துறை துறையாக நின்று போவதால் பதினொரு நாள். சென்னைப் பட்டணத்தில் ஏறினால் இருபத்தெட்டு ரூபாய், ஆனால் அங்கே போக ரயில் கட்டணம் ஆளுக்கு நான்கு ரூபாய். ரயிலைச் சேர்த்தால் முப்பத்திரண்டு ஆகிவிடுகிறது என்று நீயே கழித்துவிட்டாய், அந்தக் கணக்கு சரி. சரக்குக் கப்பலில் போனால் நீயும் மருமகளுமாகப் பதினெட்டு ரூபாய் மிச்சம், பாப்பாவுக்குச் சீட்டு வேண்டியதில்லை, இறங்கியதும் அந்தப் பணத்தில் கம்பளியும் பாத்திரமும் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். அதுவரைக்கும் கேட்டுக்கொண்டேன்.

அதற்கு அடுத்ததாக நீ எழுதியதுதான் என்னை மலையிலிருந்து இறக்கியது. "சரக்குக் கப்பல் ஏஜெண்டின் ஆள் நல்ல மாதிரி. நான் கேட்காமலே என் தலையிலிருந்த பெட்டியை வாங்கித் தன் கொட்டகைக்குள் வைத்தார். குடிக்க மோர் கொடுத்தார். பெட்டி இறங்கிவிட்டபடியால் வருகிற வெள்ளிக்கிழமை அவரிடமே சீட்டு வாங்குவதாக இருக்கிறேன்." இப்படித்தானே எழுதினாய்? 'இறங்கிவிட்டபடியால்' என்று ஒரு சொல் போட்டாயே, அதற்கு அர்த்தம் நம் மலைக்காரனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? செட்டியாருக்குத் தெரியவில்லை, வாசித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன்.

நம் மலைக் கட்டுப்பாடு உனக்குத் தெரியும். பலாப்பழமோ தேனோ சாமையோ, தலையில் சுமந்து சந்தைக்குப் போனால் விலை படியும்வரை சுமையை இறக்கக்கூடாது. நாலு கடைக்கும் நின்றபடியே விலை கேட்கவேண்டும். ஒருவன் முன்னால் இறக்கிவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் பக்கத்துக் கடைக்காரன் இரட்டிப்பு விலை சொன்னாலும் சுமையைத் திரும்பத் தூக்கக்கூடாது. தூக்கினால் ஒரு வள்ளம் சாமை அளந்து தண்டம் கட்டவேண்டும், அதைவிடப் பெரியது கேவலம். சுமையை வாங்கி இறக்குகிறவனுக்கும் ஒரு கட்டு உண்டு. சுமந்து வந்தவனுக்கு அவன் ஒரு வேளை களி போட்டாக வேண்டும். இதையெல்லாம் உனக்கு நடக்கத் தெரிந்த நாளிலேயே நான் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எந்த இடத்தில் அது செல்லாது என்பதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை.

என் தம்பி கப்பலில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான், அவன் பேரைத்தான் உனக்கு வைத்தோம் என்று நீ கேள்விப்பட்டிருக்கிறாய். மலையில் எல்லாரும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். நான் சொன்னதுதானே அவர்களுக்குத் தெரியும். எழுதுகிறவர் இங்கே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது எனக்கு உன் வயசு. உன் சித்தப்பன் என்னைவிட மூன்று வயசு இளையவன். மழை இரண்டு வருஷம் பொய்த்து, விதைச் சாமையையும் தின்று தீர்த்த பிறகு பினாங்குக்குப் போகலாம் என்று கிளம்பினோம். நாகப்பட்டணத்தில் ஆளுக்கொரு மூட்டை தலையில். இரண்டு கப்பல் இருந்தன. பெரிய கப்பலுக்குப் பதினேழு ரூபாய் என்றார்கள். அங்கே சீட்டு விற்ற ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. வெயில் உச்சியில் நின்றது. மணல் காலைச் சுட்டது. நாங்கள் மூட்டையோடு அடுத்த கொட்டகைக்குப் போனோம். அங்கே இருந்தவன் எழுந்து ஓடி வந்தான். "வாங்க தம்பி, எதுக்கு இப்படி வெயில்ல நிக்கிறீங்க, எறக்குங்க எறக்குங்க" என்று தன் கையாலேயே சடையன் தலையிலிருந்த மூட்டையை வாங்கிக் கீழே வைத்தான். ஆளுக்கொரு சொம்பு மோர். சடையன் என் பக்கம் திரும்பி, "எறக்கிப்போட்டாருங்களே அண்ணா, இனி என்ன பேச்சு?" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சீட்டு பதின்மூன்று ரூபாய். ஆளுக்கு நாலு ரூபாய் மிச்சம் வேறு. நாள் எத்தனை என்று கேட்கவில்லை. சோறு உண்டா என்று கேட்கவே இல்லை. சுமையை இறக்கியவன் சோறு போடாமல் இருப்பானா? அதைக் கேட்பதே அவனை அவமானப்படுத்துவது என்று நினைத்தோம். அவன் ஏமாற்றினான் என்றுகூட நான் சொல்லமாட்டேன். நாங்கள் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பான்.

கப்பல் கரைக்கு வராது, படகில் போய் ஏறவேண்டும். ஏறின முதல் நாள் மத்தியானம் மணி அடித்தது. சோற்றுக்குத்தான் அடிக்கிறார்கள் என்று சடையன் மூட்டையிலிருந்து இரண்டு தேக்கிலையை எடுத்துத் துடைத்து, எனக்கொன்று தனக்கொன்று போட்டுக்கொண்டு சம்மணம் கூட்டி உட்கார்ந்தான். தண்ணீர்கூடத் தெளித்துவிட்டான். சுற்றிலும் இருந்தவர்கள் தங்கள் தங்கள் சட்டியில் உலை வைக்கிறார்கள், நாங்கள் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் பார்த்துவிட்டு, "யாரு வீட்டுக் கல்யாணம்ப்பா, பந்தி போட்டாச்சு போல?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சடையனும் சிரித்தான், விஷயம் புரியாமலே. கடைசியில் அந்த ஆள்தான், இந்தச் சீட்டுக்குச் சோறு கிடையாது, கொண்டுவந்த அரிசியைப் பொங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் சமையற்காரனிடம் காசு கொடுத்து வாங்கவேண்டும் என்று சொன்னான். எங்களிடம் இருந்தது இரண்டு நாளைக்கான கேழ்வரகு மாவு.

மேல்தட்டில் பாதி இடத்தில் ஆடுகளைக் கட்டியிருந்தார்கள். காலையும் மாலையும் ஒருவன் வந்து அதுகளுக்குப் புல்லும் தவிடும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவான். ஆட்டுக்குக் கட்டின கூலியில் தீனியும் சேர்த்தியாம். சடையன் அதைக் கேட்டுவிட்டு, "ஆடாப் பொறந்திருந்தா சீட்டோட தவுடும் சேத்தி அண்ணா. நாம தப்பாப் பொறந்துட்டோம்" என்றான். அன்றைக்கு அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

சமையற்காரன் ஒரு தட்டுச் சோறு முதல் நாள் ஓரணாவுக்குக் கொடுத்தான். கரை கண்ணுக்கு மறைந்ததும் இரண்டணா, ஐந்தாம் நாள் மூன்றணா, அப்புறம் நாலணா. நடுக்கடலில் எதிர்க்கடை ஏது, போய் விலை கேட்க? கையில் சில்லறையாக ஒரு ரூபாய்க்கு மேல் கொஞ்சம் இருந்தது. நாளுக்கு ஒரு தட்டு வாங்கி இருவரும் தின்றோம். ஆறாம் நாள் அது தீரப் போகிற நிலைக்கு வந்தது. கண்ணு, இனிமேல் நான் சொல்வதை உன் அம்மாகூட அறியமாட்டாள். சீட்டில் மிச்சம் பிடித்த எட்டு ரூபாய் என் இடுப்புத் துணியில் முடிந்து இருந்தது. மலைக்குத் திரும்பும்போது என் அம்மாவுக்கு ஒரு மாடு வாங்கித் தருவோம் என்று இருவருமாகப் பேசி வைத்த பணம். "அவுக்கட்டுமா?" என்று அவனை ஒரு தரம் கேட்டேன். "வேண்டாமண்ணா, இன்னும் நாலு நாளுதானே" என்றான். ஒரே ஒரு தரம்தான் கேட்டேன். அவன் வேண்டாம் என்று சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது, அதனால்தான் மறுபடி கேட்கவில்லை. நாலணா கொடுத்து ஒரு தட்டுச் சோறு வாங்குவதா, இது கொள்ளை, இந்தக் கொள்ளைக்கு என் முடிச்சை அவிழ்க்கமாட்டேன் என்று எனக்கொரு வீம்பு. மலிவான சீட்டு வாங்கினேன் என்கிற பெருமையை விட மனசு வரவில்லை.

எட்டாம் நாள் தட்டை அவன் என் பக்கம் தள்ளினான். "வயிறு செரியில்லீங்கண்ணா, நீங்க தின்னுங்க." ஒன்பதாம் நாளும் அதையே சொன்னான். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவன் பொய் சொன்னால் காது மடலைத் தடவுவான், சின்னதிலிருந்தே அப்படி. அன்றும் தடவிக்கொண்டுதான் சொன்னான். தெரிந்துகொண்டே தின்றேன். முழுத் தட்டையும் தின்றேன்.

பினாங்குக்குப் போனபோது அவனுக்கு நிற்க முடியவில்லை, வயிற்றுப்போக்கும் கண்டிருந்தது. நோய் பரவாமல் ஆட்களைப் பிரித்து வைக்கிற தீவு ஒன்று உண்டு, அங்கே எங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே காலையும் மாலையும் கஞ்சி ஊற்றினார்கள். சும்மாவே ஊற்றினார்கள். அப்போது அவனால் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டான். காய்ச்சல் என்று சொன்னது ஒன்றும் பொய்யில்லை, கடைசியில் காய்ச்சலும்தான் வந்தது. காய்ச்சலை மட்டும் சொன்னதுதான் பொய்.

மூன்று வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் கிடந்துவிட்டுத் திரும்பினேன். என் அம்மா அழவில்லை. ஒரு தரம் கூட எப்படிச் செத்தான் என்று கேட்கவில்லை. "கடசியா என்ன தின்னான் சாமி?" என்று மட்டும் கேட்டாள். "சாமைச் சோறும்மா" என்றேன். கப்பலில் ஏது சாமைச் சோறு என்று அவளுக்குத் தெரியாதா? தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாகும்வரை அந்த மாட்டைப் பற்றி அவளிடம் நான் பேசவில்லை. எட்டு ரூபாயைச் செலவு செய்யவும் கை வரவில்லை.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு வந்து வாசலில் மொச்சையைக் கொட்டி எண்ணினேன். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மொச்சை. நீயும் மருமகளும் நாளுக்கு நாலு வேளை, பதினொரு நாளுக்கு நாற்பத்து நாலு மொச்சை. உன் அம்மா பார்த்துவிட்டு, "ஏனுங்க, மொச்சை வெதைக்கற மாசமா இது?" என்றாள். "பொறு புள்ள, உன்ற பையனுக்குச் சோறு போட்டுட்டிருக்கேன்" என்றேன். எங்கள் காலத்திலேயே நடுக்கடலில் நாலணா என்றால் இப்போது எட்டணாவுக்குக் குறையாது. இரண்டு மொச்சையை ஒரு ரூபாயாகச் சேர்த்துச் சேர்த்து வைத்தேன். இருபத்திரண்டு ரூபாய் வந்தது. நீ மிச்சம் பிடிப்பது பதினெட்டு. பாப்பாவுக்குப் பால் இதில் சேரவில்லை. ஐந்து நாள் கூடப் போவதால் போகிற ஐந்து நாள் கூலியும் சேரவில்லை. அரிசி மூட்டையோடு ஏறிப் பொங்கிக்கொள்வேன் என்பாய். காற்றடித்தால் மேல்தட்டில் அடுப்புப் பற்றவிடமாட்டார்கள், எங்கள் கப்பலில் மூன்று நாள் பற்றவிடவில்லை. நீ இரண்டு சீட்டின் விலையை எதிரெதிரே வைத்துப் பார்த்தாய். கரையில் நிற்கிறவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. உனக்கு இங்கே விட்டுவைக்க நிலமும் போதாது, அதுவும் எனக்குத் தெரியும். பெரிய கப்பலில் போ. சீட்டு வாங்குமுன் கேள். எத்தனை வேளை சோறு, தண்ணீர் எவ்வளவு, மழை வந்தால் மேலே தார்ப்பாய் உண்டா, குழந்தைக்கு என்ன கொடுப்பார்கள், இந்த விலையில் சேராதது என்னென்ன என்று கேள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நாற்காலியை விட்டு எழாதவனிடமும் கேள். நம் ஆட்களுக்குக் கேட்க வெட்கம். அந்த வெட்கத்துக்கு என் தம்பியைக் கொடுத்தேன்.

பெட்டி உள்ளே இருக்கிறதே, அதை எப்படித் தூக்குவது என்று நீ தவிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? மோர் குடித்த வீட்டை மறுத்துவிட்டுப் போக உனக்குக் கால் வராது. அதற்காகத்தான் முந்தாநாள் நம் மலைநாட்டுத் தலைவரான பட்டக்காரரிடம் போனேன். ஒரு வள்ளம் சாமையை அவர் முன்னால் வைத்து, இறக்கின சுமையைத் தூக்கத் தண்டம் கட்ட வந்திருக்கிறேன் என்றேன். "யாரு சுமை?" என்றார். "என்ற பையனுதுங்க." "எந்தக் கடையில?" "நாகப்பட்டணமுங்க." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "அட பைத்தியமே, நம்ம கட்டு அடிவாரத்தைத் தாண்டுமா? அங்கெல்லாம் அது செல்லாதப்பா" என்றார். "அங்க செல்லாதுங்க. பையன் மனசுல செல்லுதுங்களே" என்றேன். அவர் சாமைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். "தண்டம் வந்துருச்சு. சுமையைத் தூக்கிக்கச் சொல்லு" என்றார். அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். தண்டம் கட்டியாகிவிட்டது, உனக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை வரை இருக்காதே. இது வந்த அன்றைக்கே போ. மோருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கித் தலையில் வை.

இன்று காலையில் பதினெட்டு ரூபாய் மணியார்டர் கட்டியிருக்கிறேன். பத்து ரூபாய், சிவலைக் கிடாரியை விற்றது. உன் அம்மாவுக்கு அதில் வருத்தம்தான், ஆனால் அவள்தான் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். மீதி எட்டும் ராணி தலை போட்ட பழைய ரூபாய். தபாலாபீஸ்காரர் ஒவ்வொன்றாக மேசையில் தட்டிப் பார்த்து, "ஏது பெரியவரே, புதையல் எடுத்தீங்களா, இத்தனை நாள் எங்க இருந்துச்சு?" என்றார். இடுப்பில் என்றேன். எட்டும் நல்ல சத்தம்தான் கொடுத்தன. நடுக்கடலில் அன்றைக்கே அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கவேண்டும். அது என் பணமும் அல்ல, உன் பணமும் அல்ல. அவன் பேரை வைத்திருக்கிற நீ அதில் சோறு தின்பதுதான் சரி.

காகிதம் முடிகிறது என்கிறார் இவர். இன்னொரு பக்கத்துக்கும் சேர்த்து எழுத்துக்கூலியாக ஒரு குடுவைத் தேன் போதுமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

பினாங்கில் இறங்கியதும் எனக்கு ஒரு கார்டு போடு. சீட்டு எவ்வளவு ஆயிற்று, கூலி எவ்வளவு, இதெல்லாம் அப்புறம் சாவகாசமாக எழுதலாம். கப்பலில் ஏறின முதல் நாள் மத்தியானம் நீயும் மருமகளும் என்ன சாப்பிட்டீர்கள், அதை மட்டும் எழுது. செட்டியாரிடம் மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பன்